கடலை நிறுத்தும் நீளக் கட்டை

பின்னேரத் தேத்தண்ணீரோடு அம்மா என் அறைக்குள் வந்தபோது, கம்பியூட்டர் திரையில் என் கடல் பின்வாங்கிப் போய்க்கொண்டிருந்தது.

அப்படிப் போகும்படி நான் அதற்குச் சொல்லவில்லை. ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூன் படத்துக்காகச் சின்னதாக ஒரு கடற்கரை செய்துகொண்டிருந்தேன். ஆமைக்குஞ்சு ஒன்று மணலில் தத்தித் தத்திப் போய்த் தண்ணீரைத் தொட வேண்டும். அலை வந்து அதன் மூக்கை நனைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் காட்சி.

மத்தியானம் கரண்ட் போய் வந்ததில் என் கணக்குகளில் ஒன்று அழிந்துபோனதை நான் கவனிக்கவில்லை. கடல் நிற்கும் தொட்டியின் தூரத்துச் சுவர் இல்லாமல் போயிருந்தது. தண்ணீர் தன் பாட்டில் அந்த வழியால் இறங்கி ஓடியது.

கரை நீண்டுகொண்டே போனது. முதலில் மணல். பிறகு ஈர மணல். பிறகு, ஒருவரும் பார்க்கப்போவதில்லை என்று நான் ஏனோதானோவென்று அடுக்கிவைத்த பாறைகள், குழிகள், அந்தக் குழிகளில் தங்கிப்போன கொஞ்சத் தண்ணீர். அதன் மேல் நான் வைத்த காலை வெயில் விழுந்து மினுங்கியது.

"அட சனியனே!" என்று கடலை ஏசினேன்.

பின்னால் கோப்பையும் சாசரும் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அம்மா கோப்பையை மேசையில் வைத்தார், அதுவும் கீபோர்டுக்குப் பக்கத்தில், வைத்தால் நான் வழமையாகச் சண்டை பிடிக்கும் இடத்தில். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார்.

"இப்பிடித்தான் பிள்ளை," என்றார். "அப்பிடியே இப்பிடித்தான் போனது."

எத்தனையோ வருடங்களாகக் கடலைப் பார்க்காத ஒருவர் சொன்ன வார்த்தை இது. அதுவும் திருகோணமலையில் இருந்துகொண்டு.

உப்புப் போடுவதில்லை

போன கிழமை இந்த வாராந்தத் தொடரில் "நான் கடல் செய்கிறவள்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். உப்பும் நீங்கள்தான் போடுவீர்களா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. போடுவதில்லை ஐயா, யாரும் குடித்துப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம்தான்.

எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ ஓடும் இரத்தினம் அண்ணை இதையே வேறு மாதிரிக் கேட்பார். "மலையால இறங்கினா கடல் சும்மா கிடக்குது. அதை ஏன் பிள்ளை நீ குந்தியிருந்து செய்யிறாய்?"

ஏன் என்பது இருக்கட்டும். ஆனால் எப்படிச் செய்கிறேன் என்று சொல்லலாம்.

நான் அலையை வரைவதில்லை. தண்ணீரை எண்ணிமாளாத சின்னத் துளிகளாகப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துளிக்கும் ஒரு சில சட்டங்களை மட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். உனக்குப் பாரம் உண்டு, பூமி உன்னை இழுக்கும். பக்கத்துத் துளி இருக்கும் இடத்தில் நீ போய் ஏறி இருக்காதே. அது ஓடினால் நீயும் கொஞ்சம் ஓடு. பள்ளிக்கூடத்தில் படித்த பௌதிகம்தான், வேறொன்றுமில்லை. இதற்குச் சிமுலேஷன் என்று பெயர்.

சொல்லிக்கொடுத்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அலை தானாக எழும்பும். நுரை தானாக வரும். முதன்முதலில் நான் செய்த தண்ணீர், நான் சொல்லாமலேயே ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு போனதைப் பார்த்து அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

இந்தப் பைத்தியம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா மரம் விற்கும் ஒரு மரக்காலையில் வேலை செய்தார். வீட்டுக்கு வந்தால் அசைகிற எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார். மழைக்குக் கூரைப் பீலியால் விழும் தண்ணீர், கொடியில் காயும் சேலை, ஊதுபத்திப் புகை. தான் மட்டும் பார்த்தால் அவருக்குப் போதாது.

"இஞ்சாரப்பா! ஓடி வந்து பார்!" என்று அம்மாவைக் கூப்பிடுவார்.

"உலை கொதிக்குது, இந்த மனுசனுக்கு விசர்," என்று குசினிக்குள்ளிருந்து பதில் வரும். அம்மாவும் வருவார். ஒவ்வொரு முறையும் ஏசிக்கொண்டு வந்து, பக்கத்தில் நின்று, அப்பா காட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

அலுமாரிக்குப் பின்னால்

நாங்கள் இருப்பது நகரத்துக்குள், ஓர்ஸ் ஹில் என்ற குன்றில். என் அறையின் பெரிய யன்னலைத் திறந்தால் உள்துறைமுகம் முழுக்கத் தெரியும். ஆனால் திறக்க ஏலாது. குடிவந்த அன்றே அம்மா ஆட்களைப் பிடித்து அந்த யன்னலுக்கு முன்னால் அலுமாரியை வைப்பித்துவிட்டார். பின்னேரங்களில் அலுமாரியின் இரண்டு பக்கமும் ஒரு கோடு வெளிச்சம் வரும். தண்ணீரில் பட்டு வருவதால் அது சுவரில் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் வேலை செய்கிறேன்.

கடல் கண்ணில் படாமல் இந்த ஊரில் வாழ்வதற்கு அம்மா ஒரு தனிக் கலையே கற்று வைத்திருந்தார். நிலாவெளிப் பக்கம் போகும் பஸ்ஸில் இடப்பக்கம் இருப்பார். வரும்போது வலப்பக்கம். மீன் சந்தையில் வாளை மீனின் செவுளைக் கிளப்பிப் பார்த்து, விற்கிறவரின் வாயை அடைத்து, நியாய விலைக்கு வாங்கிக்கொண்டு, கரைப் பக்கம் திரும்பாமலே வெளியே வந்துவிடுவார்.

சுனாமி வந்த அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடு சல்லிக் கடற்கரையில் இருந்தது. நானும் தங்கச்சி தர்ஷியும் நகரத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். எனக்குப் பள்ளிக்கூட வயது. தர்ஷிக்கு அப்போதுதான் மழலை போய்க் கதை திருந்தி வந்த வயது.

முதலில் கடல் கொஞ்சம் ஏறி வந்து முற்றத்தை நனைத்ததாம். பிறகு திரும்பி, பார்த்திராத தூரத்துக்குப் போய்விட்டதாம். அப்பா அதைப் பார்க்க இறங்கிப் போனாராம். பிறகு கடல் வந்ததாம். இவ்வளவுதான் அம்மா எங்களுக்குச் சொன்னது. பக்கத்து வீட்டுச் செல்வமக்காதான் அம்மாவை இழுத்துக்கொண்டு கோயிலடி மேட்டுக்கு ஓடியவர். அம்மா கத்திக் குழறிக் கூப்பிட்டதாகவும் அப்பாவுக்குக் கேட்கவில்லை என்றும் சொந்தக்காரர்கள் கதைத்துக்கொள்வார்கள். அம்மா ஓம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

ஆமைக்குஞ்சின் கடல் பின்வாங்கிய அந்த நாட்களில் வீட்டில் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. தர்ஷிக்குக் கலியாணம் சரிவந்திருந்தது. மாப்பிள்ளை நிலாவெளி. கரைவலை இழுக்கும் குடும்பம், நல்ல சனங்கள். தாலி கட்டுவது நகரத்துக் கோயிலில் என்பதால் அதில் பிரச்சினை இல்லை. ஆனால் பின்னேரம் பொம்பிளை மாப்பிள்ளை இருவரையும் நிலாவெளி வீட்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். பெண்ணைப் பெற்றவள் பலகாரத் தட்டத்தோடு முன்னால் போய், வாசலில் பிள்ளையைக் கையளிக்க வேண்டும். அந்த வாசல் கடலைப் பார்த்தபடி இருக்கிறது.

"பெரியவள் தட்டத்தோட போகட்டும். நான் வரேல்ல," என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்.

தர்ஷி குழறி அழுதுவிட்டாள். "அப்பாவும் இல்லை. நீங்களும் வராட்டி நான் என்ன அநாதையோ? அப்ப எனக்குக் கலியாணமே வேண்டாம்!"

அவள் சொன்னால் செய்கிறவள். எங்கள் வீட்டுப் பொம்பிளைகள் எல்லோருக்கும் அந்தப் பிடிவாதம் உண்டு.

நீளக் கட்டை

திரும்ப அந்தப் பின்னேரத்துக்கு வருகிறேன்.

நான் பதறிக்கொண்டு திரையை மூடப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடு. பாப்பம்."

தண்ணீர் முழுக்க ஓடி முடிந்து வெறும் தரை கிடந்தது. அம்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

"திரும்பி வரேல்லையே?"

"வராதம்மா. அங்கால சுவர் இல்லை. ஓடிப் போட்டுது."

"வரச் செய்."

"எணை அம்மா, சும்மா இருங்கோ!"

"வரச் செய் எண்டு சொல்லுறன்."

சுவரை வைத்தேன். கடலை நிரப்பினேன். பின்வாங்கவும் வைத்தேன். தூரத்தில் தண்ணீரை உயர்த்தி விட்டேன். அது வரத் தொடங்கியதும் அம்மாவின் விரல்கள் என் தோளில் இறுகின. எனக்கு நொந்தது. நான் ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். அலை நடுவழியில் நின்றது. அதன் நெற்றியிலிருந்து தெறித்த துளிகள் கூட அந்தரத்தில் அப்படியே நின்றன.

"என்ன செய்தனி?"

"நிப்பாட்டினனான்."

"நிப்பாட்டலாமோ?"

"ஓம். இதை அமத்தினா நிக்கும். திரும்ப அமத்தினா ஓடும்."

அம்மா சின்ன வயதில் ஆர்மோனியம் பழகியவர். கீபோர்டில் உள்ளதெல்லாம் அவருக்குக் கட்டைதான். "இந்த நீளக் கட்டையோ?" என்று கேட்டு, கட்டைவிரலை மெல்ல அதன் மேல் வைத்தார். அமத்தினார். கடல் ஓடியது. அமத்தினார். நின்றது. குழந்தைப்பிள்ளைக்கு ஒரு புது விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

அதன் பிறகு என்னை வேலை செய்ய விடவில்லை. பின்னேரமானால் முருங்கையிலைக் கட்டோடு வந்து கதிரையில் இருந்துவிடுவார். "கடலைப் போடு பிள்ளை" என்பார், டீவியைப் போடு என்பதுபோல. இலையை உருவி உருவிக் கடலைப் பார்ப்பார். அலை கிட்ட வந்தால் இலைக்கையைத் துடைத்துவிட்டு நீளக் கட்டையை அமத்துவார். சுவரில் அலுமாரியோரத்து வெளிச்சம் ஆடும். திரையில் கடல் நிற்கும். எது ஊர், எது திரை என்று சில நேரம் எனக்கே பிடிபடாது.

என் ஆமைக்குஞ்சு பாவம், கரையில் கால் தூக்கியபடி கிடந்தது. படக் கம்பனிக்காரர் கேட்டால் தண்ணீர் இன்னும் சரிவரவில்லை என்று சொன்னேன்.

தர்ஷி வாசலில் நின்று எட்டிப் பார்ப்பாள். "அம்மா கடல் பாக்கிறா, என்னக்கா? அப்ப வருவா, என்ன?" என்று என் காதுக்குள் கேட்பாள். 

ஓர் ஆள்

ஒரு பின்னேரம் அம்மா இலையைக் கீழே வைத்தார்.

"இதுக்குள்ள ஒரு ஆளை வைக்கேலுமோ?"

அளவு பார்ப்பதற்காக நாங்கள் ஒரு சாம்பல் நிறப் பொம்மையை வைத்திருப்போம். மூக்கு முழி இல்லாத பொம்மை. அதை எடுத்துக் காய்ந்த தரையில் வைத்தேன்.

"இன்னும் தள்ளி," என்றார். "இன்னும். அந்தக் கல்லுக்கு அங்கால. ஓம், அதில."

பொம்மை கடலைப் பார்த்தபடி நின்றது. அம்மா திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"இப்ப கரையில நிக்கிறவள் கூப்பிட்டா, அந்தாள் ஓடி வர நேரம் காணுமோ? உன்ட கணக்குக்குத் தெரியும்தானே?"

இவ்வளவு நாளும் அவர் என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது.  நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று சமாளித்தேன்.

அம்மா குசினிக்குப் போனதும் தர்ஷி உள்ளே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"நேரம் காணாது எண்டு சொல்லன் அக்கா. கூப்பிட்டாலும் வந்திருக்கேலாது எண்டு ஓட்டிக் காட்டு. அம்மா நிம்மதியா வருவா."

"அது உண்மையோ பொய்யோ எண்டு எனக்குத் தெரியாதடி."

"அவவுக்கும் தெரியாதுதானே!"

அவளைக் குறை சொல்ல ஏலாது. நானும் அதைத்தான் யோசித்தேன். அடுத்த நாள் காலை அம்மா சந்தைக்குப் போனதும் இருந்து செய்து பார்த்தேன். தரையின் சரிவை ஒரு துளி குறைத்தேன். அலை கெதியாக வந்தது. பொம்மை ஓடியது, தண்ணீர் அதை எடுத்துக்கொண்டது. சரிவைக் கூட்டினேன். அலை பிந்தியது. பொம்மை கரையேறி நின்றது.

இரண்டும் ஒரே மாதிரி உண்மையாகத் தெரிந்தன. உண்மை மாதிரித் தெரிய வைப்பதுதானே என் தொழில்! அன்றைய சல்லிக் கடலின் ஆழம் எனக்குத் தெரியாது, வேகம் தெரியாது, அப்பா எவ்வளவு கெதியாக ஓடுவார் என்பதும் தெரியாது. ஓர் இலக்கத்தை மாற்றி அப்பாவைச் சாகடிக்கலாம், இன்னோர் இலக்கத்தில் காப்பாற்றலாம்.  இரண்டையும் அழித்தேன்.

பின்னேரம் அம்மா வந்து இருந்தார். தர்ஷி வாசல்நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, இதால சொல்லேலாது," என்றேன். "நான் எதைச் சொல்லிக் குடுக்கிறனோ அதைத்தான் இது செய்யும். காணும் எண்டும் காட்டலாம், காணாது எண்டும் காட்டலாம். ரெண்டும் என்ட கதை. அண்டைக்கு நடந்தது இல்லை."

தர்ஷி தலையில் அடித்துக்கொண்டாள்.

அம்மா கோபிக்கவில்லை. நீளக் கட்டையை அமத்தினார். கடல் பின்வாங்கியது. கல், குழி, மினுங்கும் தண்ணீர். திரும்ப அமத்தி நிறுத்தினார்.

"அந்தாளை இஞ்சால திருப்பு."

திருப்பினேன். முகமில்லாத அந்தப் பொம்மை எங்களைப் பார்த்தது.

"கையைத் தூக்கி விடு."

தூக்கி விட்டேன்.

"இப்பிடித்தான் நிண்டவர்," என்றார் அம்மா. "கூப்பிட்டவர். இஞ்சாரப்பா, ஓடி வந்து பார் எண்டு."

அம்மா அந்தப் பொம்மையைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"நான் அவரை வரச்சொல்லிக் கூப்பிட்டனான், அவருக்குக் கேக்கேல்ல எண்டுதான் சனம் சொல்லுது. நானும் சொல்லட்டும் எண்டு விட்டிட்டன். நான் கூப்பிடேல்லப் பிள்ளை. ஒரு சத்தமும் போடேல்ல. செருப்பைக் கழட்டி வச்சிட்டு நானும் இறங்கினனான். செல்வமக்கா வந்து தலைமயிரில பிடிச்சு இழுத்தவ."

"ஏனம்மா இறங்கினீங்க?" என்று தர்ஷி கேட்டாள். குரல் சின்னப்பிள்ளைக் குரலாகிவிட்டது.

"வடிவா இருந்ததடி."

அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை.

"அதின்ட அடி அவ்வளவு வடிவா இருக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்? கல்லெல்லாம் பளபளவெண்டு. மீன் துள்ளுது. அவர் நடுவில நிண்டு சிரிக்கிறார். என்ட மனுசன் போன இடம் அது. அது வடிவு எண்டு நான் ஆரிட்டச் சொல்லுறது? கடலுக்குப் பயம் எண்டு நீங்க நினைக்கிறீங்கள். பயமில்லை. திரும்பப் பாத்தா, திரும்பவும் வடிவா இருந்திடுமோ எண்டு வெக்கம்."

தர்ஷி ஓடிவந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள். முருங்கையிலை எல்லாம் நிலத்தில் சிந்தியது. நான் அழுதேன். அப்பாவை நினைத்து அழுதேனா, இவ்வளவு காலமும் இதைத் தனியே சுமந்த அம்மாவை நினைத்து அழுதேனா தெரியாது. திரையில் அந்தப் பொம்மை கையைத் தூக்கிக்கொண்டே நின்றது. ஓட்ட வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை, நானும் ஓட்டவில்லை.

வலப்பக்கம்

கலியாண நாள் வரைக்கும் வருவேன் என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தாலி கட்டி முடிந்து, சாப்பாடு முடிந்து, எல்லோரும் நிலாவெளிக்குப் போகும் வான் வண்டிக்கு நடந்தபோது, அம்மா பயற்றம் பணியாரத் தட்டத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். ஏறினார். வலப்பக்க யன்னலோரம் போய் இருந்தார்.

போகும்போது வலப்பக்கம்தான் கடல்.

நான் பக்கத்தில் இருந்தேன். வழி நெடுகத் தென்னைகளுக்கும் ஹோட்டல் மதில்களுக்கும் நடுவே நீலம் வந்து வந்து மறைந்தது. அம்மா தட்டத்தை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

சம்பந்தியம்மா நல்ல மனுசி. விசயம் தெரிந்து, எங்களை ரோட்டுப் பக்கத்துப் படலையால் கூட்டிப்போக ஆள் நிறுத்தியிருந்தார். "இதால வாங்கோ, இதால வாங்கோ" என்று கையைப் பிடித்தார்.

"இல்லை," என்றார் அம்மா. "முன்வாசலால வாறதுதானே முறை."

சுற்றிக்கொண்டு போனோம். காயப்போட்ட வலைகளின் மணம். இழுத்து வைத்த தோணி. அதற்கு அங்கால் கடல்.

அம்மா நின்றார். கூறைச் சேலையோடு தர்ஷி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஓர் அலை எழும்பி வந்தது. அம்மாவின் கட்டைவிரல் தட்டத்தின் விளிம்பை அமத்துவதைக் கண்டேன். அலை நிற்கவில்லை. உடைந்து, நுரைத்து, எங்கள் காலடிக்குக் கொஞ்சம் முன்னால் வரைக்கும் வந்து திரும்பியது. அடுத்ததும் வந்தது. விரல் திரும்ப அமத்தியது. அதுவும் நிற்கவில்லை.

மூன்றாவது அலைக்கு விரல் அசையவில்லை.

அம்மா தட்டத்தைச் சம்பந்தியம்மாவிடம் கொடுத்தார். தர்ஷியின் கையையும் பிடித்து அவர் கையில் வைத்தார். முறைப்படி எல்லாம் நடந்தது. பிறகு, வாசலுக்குள் போகாமல், செருப்பைக் கழற்றித் தோணியின் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் நடந்தார். நான் அவரைப் பிடிக்க ஓரடி வைத்தேன். அலைத்தண்ணீர் கணுக்காலைத் தொட்ட இடத்தில் நின்று திரும்பினார். பின்னேர வெயில் முகத்தில் பட்டது. கையைத் தூக்கினார்.

"இஞ்ச பாருங்கோ பிள்ளையள்! ஓடி வந்து பாருங்கோ!"

நானும் தங்கச்சியும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினோம்.